குப்பாயம் கேட்ட பெண்கள்

துணியில் கத்தரி வைக்குமுன் காகிதத்தில் வைத்துப் பார் என்பது தையற்கலையின் முதற்பாடம். பழைய செய்தித்தாளை விரித்து, கழுத்து வளைவையும் கைக்குழியையும் அதில் வரைந்து வெட்டி, அந்த மாதிரியை மலிவான காடாத் துணியின்மீது கிடத்தி அறுத்து, எட்ட எட்ட நூலோட்டி உடுத்திப் பார்ப்பர். தோளில் இறுக்கினால் தளர்த்துவர். அக்குளில் சுருங்கினால் குழியை ஆழமாக்குவர். மார்பில் தொய்ந்தால் பிடி பிடிப்பர். இத்தனையும் ஆன பிறகே விலை கொடுத்து வாங்கிய துணியைத் தொடுவர். சோதித்துப் பார், பிழை தெரிந்தால் திருத்து, திருந்திய பின் ஏற்றுக்கொள்! பகுத்தறிவாளர் மேடைதோறும் முழங்கும் இம்முறையைத் தையற்காரர் ஓசையின்றி நாள்தோறும் நடத்தி வருகின்றனர். முனிவர் வகுத்த அளவு, ஆகவே மாற்றலாகாது என்று எந்தத் தையற்கடையிலும் யாரும் வாதாடக் கேட்டதில்லை. அங்கே உடலுக்காகச் சட்டை. சட்டைக்காக உடல் அன்று.

தேனியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இன்று எத்தனையோ இல்லங்களில் தையற்பொறியின் ஓசை கேட்கிறது. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து, இதைவிடக் கழுத்து சற்று மேலே, கை சற்று நீளமாக என்று கேட்கிறாள் அண்டை வீட்டுப் பெண். சிறுமிக்கொரு கவுன், கல்லூரி மாணவிக்கொரு மேற்சட்டை, புதிய மாதிரி ஒன்றை எங்கோ பார்த்து வந்து அதேபோல் தைத்துத் தரச் சொல்லும் இளைய தலைமுறை! மாதிரி சரிவராவிட்டால் என்ன நட்டம்? ஒரு மீட்டர் காடாத் துணி, அரைநாள் உழைப்பு. அவ்வளவுதான். ஆனால், பெண்ணின் மேற்சட்டைக்குப் புதிய வெட்டு ஒன்றைச் சோதித்துப் பார்த்ததற்காக வீடுகள் எரிந்த காலம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடங்கள் எரிந்தன. சந்தைக்குச் சென்ற பெண்களின் ஆடை பட்டப்பகலில் கிழித்தெறியப்பட்டது. எங்கோ ஐரோப்பாவில் அன்று. இதோ, கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்கினால் வானை மறித்து நிற்கிறதே மலைச்சுவர், அதற்கு அப்பால் ஆண்ட அரசின் எல்லைக்குள்!

அந்த மலை நமக்கு அயலன்று. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அணை எழுந்து, 1895 இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் இப்பக்கம் பாய்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்கள் அந்த நீரில் விளைந்தவை. குமுளி மேட்டின் அப்புறம் தர்மராஜ்யம் என்று தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட திருவிதாங்கூர்; இப்புறம் வெள்ளையர் ஆண்ட மதுரை மாவட்டம். நாம் சொல்லவந்த கதை அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியில் நடந்தது. இரணியல், கல்குளம், நாகர்கோவில், கோட்டாறு என்னும் ஊர்களைக் கொண்ட அப்பகுதி 1956 நவம்பர் 1 முதல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டது. ஆகவே இது நம் வீட்டுக் கதை.

அங்கே உடை என்பது குளிருக்கோ வெயிலுக்கோ அமைந்ததன்று, குனிவதற்கு அமைந்தது. தன்னிலும் மேற்பட்ட சாதியான் எதிரே வந்தால் மேலாடையை விலக்கி நிற்பதே மரியாதை. நாயர் பெண் நம்பூதிரியின் முன்னும் கோயில் தெய்வத்தின் முன்னும் அவ்வாறு நிற்கவேண்டும். நாடார், ஈழவர், புலையர் பெண்களோ எல்லார் முன்னிலையிலும், எப்போதும். அடுக்கின் உச்சியில் இருந்தவனைத் தவிர மற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு எதிரே குனிந்தாகவேண்டிய ஏற்பாடு அது. மனுதருமம் இதைவிடத் துல்லியமாக எந்த நாட்டில் தைக்கப்பட்டது? சேர்த்தலையில் நங்கேலி என்பவள் வரி கேட்டு வந்தவனிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்றொரு செவிவழிக் கதை வழங்குகிறது. கேட்போர் நெஞ்சை உலுக்கும் கதைதான். எனினும் பகுத்தறிவாளருக்குச் செவிவழிக் கதை தேவையில்லை. அரசாங்கத்தின் முத்திரை பெற்ற ஆணைகளே போதும். அவை கதையைவிடக் கொடியவை.

1811 முதல் 1814 வரை திருவிதாங்கூரில் திவானாகவும் இருந்த ரெசிடென்ட் கர்னல் மன்றோ, கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். அரண்மனை ஆலோசகர் கொதித்தெழுந்தனர். இவர்கள் மறைத்தால் அவர்களுக்கும் இவர்களுக்கும் வேற்றுமை என்ன என்று கேட்டனர். ஆணை திருத்தப்பட்டது. 1814 இல் வந்த திருத்தம் இது: இப்பெண்கள் குப்பாயம் அணியலாம், அதாவது சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போட்டுக்கொள்ளும் சட்டையை அணியலாம்; ஆனால் நாயர் பெண்களைப் போலத் தோளின் குறுக்கே சீலை போடலாகாது.

தோழர்களே, இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். மானத்தை மறைப்பதா வேண்டாமா என்பதன்று அங்கே வழக்கு. மறைக்கலாம், ஆனால் அவர்களைப்போல் மறைக்கலாகாது! சாதியை உடம்பில் எழுதி வைத்திருந்தவர்கள், உடம்பு மூடப்படும் என்று தெரிந்தவுடன் அதைத் துணிக்கு இடம்மாற்றினர். சட்டையின் வெட்டைப் பார்த்தே இவள் இன்ன சாதி என்று தொலைவிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும். அரசர் தையற்காரரானார், திவான் அளவு எடுத்தார்.

அந்தச் சட்டையை யார் வெட்டினர், யார் தைத்தனர்? மீட் பாதிரியார் 1818 இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். மால்ட் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் அடுத்த ஆண்டு வந்தனர். மிஷனரிகளின் மனைவியர் ஒன்றுகூடித் தளர்வான, குட்டைக் கை வைத்த சட்டை ஒன்றைப் புதிதாக வகுத்தனர். ஐரோப்பியப் பெண்ணின் இறுக்கமான உடுப்பு இந்த வெயிலுக்கு ஆகாது. சிரியன் கிறித்தவரின் உடையை அப்படியே எடுத்தால் அவர்கள் சண்டைக்கு வருவர். நாயர் பெண்ணின் மேல்சீலையோ சட்டப்படி குற்றம். பனைவெல்லம் காய்ச்சவும், வயலில் குனியவும், சுமை தூக்கவும் கை தாராளமாக வீசவேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் இடையே பிறந்த மாதிரி அது. மிஷனரிகளுக்கு இதில் தமக்கென நோக்கம் இருந்தது. மதமாற்றமும், தங்கள் நாட்டு நாணக் கோட்பாடும். நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், அணிந்தவர் நோக்கம் அவர்களுடையதாகவே இருந்தது.

மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே 1821 வாக்கில் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்பிக்கத் தொடங்கினார். அடிமைச் சாதிப் பெண்களும் அப்பள்ளியில் ஊசி பிடித்தனர். பின்னிய சரிகையை விற்றுவந்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், அந்த ஊசியின் கூர்மை விளங்கும். எந்தப் புராணத்தில் எந்தத் தெய்வம் ஓர் அடிமைப் பெண்ணுக்கு இந்த வரத்தைத் தந்தது?

சட்டை வந்தது. ஆனால் பெண்கள் அதோடு நின்றாரில்லை. தரப்பட்ட குப்பாயத்தைப் போட்டுக்கொண்டனர். அதன்மேல் தடை செய்யப்பட்ட தோள்சீலையையும் போட்டுக்கொண்டனர்! கிறித்தவர் மட்டுமல்லர், மதம் மாறாத நாடார் பெண்களும் அவ்வாறே செய்தனர். புதிய மாதிரியை உடுத்திப் பார்த்து, இங்கே குறை இருக்கிறது என்று கண்டு, தாங்களே திருத்திக்கொண்டனர் என்று சொல்வோம். 1822 இல் கல்குளத்திலும் இரணியலிலும் தாக்குதல் தொடங்கியது. 1823 இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் குப்பாயத்துக்கு உரிமை உண்டு என்றது. 1828 இல் கலகம் மீண்டும் மூண்டது. 1829 பிப்ரவரி 3 அன்று ராணி பார்வதிபாயின் அரசு அறிக்கை விடுத்தது: தோள்சீலை கூடாது, குப்பாயம் போதும். ஏழாண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகும் அதே அளவு, அதே வெட்டு!

இதே காலத்தில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர், ஆடவரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தம் பதிக்கு வரச் சொன்னார். தலை நிமிர்ந்து துணி கட்டுவதும் அன்று கலகமே; அவரைச் சிறையிலிட்டது அரசு.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியாரின் அறிக்கை வந்தது. மதத்தில் அரசு தலையிடாது என்ற அதன் வாசகத்தை இருசாராரும் தத்தமக்கேற்பப் படித்தனர். பழைய வழக்கத்தை நிலைநாட்ட இதுவே தருணம் என்றனர் ஆதிக்கத்தார். இனி எவ்வுடையும் உடுக்கலாம் என்றனர் பெண்கள். திவான் மாதவராவின் அரசு டிசம்பரில் வழக்கத்தை மீறாதீர் என்று எச்சரித்தது. யாரை எச்சரித்தது? சீலையைக் கிழித்தவனை அன்று, சீலை போட்டவளை! 1859 தொடக்கத்தில் கோட்டாறு, நாகர்கோவில் வட்டாரங்களில் வீடுகளும் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் கடுமையாக அழுத்தம் கொடுக்க, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் பேரறிக்கை ஒன்றை வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லா மதத்தாரும் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறெப்படியும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது.

வெற்றி விழா எடுப்போர் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுகின்றனர். நாம் விடமாட்டோம். நாற்பத்தைந்து ஆண்டுகளில் அரசு அசைந்தது எவ்வளவு? துணி உண்டு, சமம் இல்லை என்பதுவரை. அந்தக் கடைசி வரியைக் கிழித்தது எந்த அரசாணையும் அன்று. அதைப் பொருட்படுத்தாமல் உடுத்திக்கொண்டு சந்தைக்கும் பள்ளிக்கும் நடந்த பெண்களின் கால்கள்.

இவ்வேளையில் வங்கத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது பயன்தரும். தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி 1864 இல் பம்பாயில் பணிபுரிந்த கணவருடன் வாழப் புறப்பட்டார். வெளியே செல்லத் தக்க உடை இல்லை. பிரெஞ்சுத் தையற்காரரிடம் சொல்லிக் கீழைநாட்டுப் பாணி என்று ஓர் உடை செய்வித்தார். அதைப் பிறர் துணையின்றி அணிய முடியவில்லை. அது தோற்ற மாதிரி. பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டார். அதனைத் திருத்தி, உள்ளே ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்தார். கற்றுக்கொள்ள விரும்புவோர் வரலாம் என்று ஏட்டில் விளம்பரமும் செய்தார். இன்று நம் தாய்மார் உடுத்தும் உடைக்கு அவரும் ஒரு காரணர். அவரை நாம் போற்றுகிறோம். அக்கம்பக்கத்து ஏளனம் அவருக்கும் இருந்தது. ஆனால் அவருடைய வீட்டை யாரும் கொளுத்தவில்லை. அதே ரவிக்கைதான், அதே ஆண்டுகள்தான். மாளிகையில் அது நாகரிகம், குடிசையில் அது குற்றம்!

சட்டையே நமக்கு வெளிநாட்டான் தந்தது, தமிழருக்குத் தையல் தெரியாது என்று கூறுவாரும் உளர். சிலப்பதிகாரத்தைத் திறந்து புகார் நகர வீதியைப் பார்க்கட்டும். துன்னகாரர் என்று தையல் தொழிலோர் அங்கே குடியிருந்தனர். கச்சு, கஞ்சுகம், மெய்ப்பை, குப்பாயம் என்று சொற்கள் பல வைத்திருந்த இனம் இது. சொல் இருந்தது, தொழில் இருந்தது. அவற்றை உழைக்கும் மகளிர்க்கு மறுத்த சாதி இடையில் புகுந்தது.

திருவிதாங்கூரிலேயே புலையர் பெண்கள் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருந்தனர். மேலே ஆடை கிடையாது. கழுத்தில் கல்மாலை அணிந்தாகவேண்டும். அய்யன்காளி தலையெடுத்தார். 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலவரம் வெடித்து, குடிசைகள் சாம்பலாயின. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் மாநாடு கூடியது. கூடாரத்துப் பெண் கலைஞர்கள் ரவிக்கையுடன் மேடையில் நிற்க, அவர்களைச் சுட்டிக்காட்டிப் பேசினார் அய்யன்காளி. மேடையேறிய புலையர் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிந்தனர். மற்றவர்களும் அறுத்தெறிய, மாலைகள் குவியலாயின. புது மாதிரிக்கு ஒத்திகை நடந்த இடம் சர்க்கஸ் கூடாரம். கோயில் மண்டபம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

மலைக்கு அப்பால் உள்ளவனைப் பழித்துவிட்டு நாம் மகிழ்ந்திருக்கலாமா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே, மதுரையைக் கடந்தால் இராமநாதபுரம். அங்கே 1930 டிசம்பரில் ஆதித்திராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆடவர் சட்டையும் பனியனும் போடலாகாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது. குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. பெண்கள் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கலாகாது! மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. அடுத்த ஆண்டு எட்டு பதினொன்றாயிற்று. 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றை வரிவரியாகப் பதிந்திருக்கிறார். இதில் மன்னன் இல்லை, திவான் இல்லை. பார்ப்பனனும் தடியெடுத்து வரவில்லை. தடியெடுத்தவன் நம்மைப் போன்ற பார்ப்பனரல்லாதான், திராவிடன்! 1859 இல் முடிந்துவிட்டது என்று எண்ணிய ஆணையைச் சாதி தன் கையாலேயே திரும்ப எழுதிக்கொண்டது, அதுவும் சுயமரியாதை இயக்கம் பிறந்து ஐந்தாண்டு ஆன பிறகு. இதைச் சொல்லக் கூசுவோமானால் நம் ஏட்டுக்கு மை எதற்கு?

ஆணை இல்லாத ஊர்களிலும் வழக்கம் ஆண்டது. தண்டட்டி தொங்கும் காதோடு, ரவிக்கை அறியாத தோளோடு வாழ்ந்து மறைந்த பாட்டிமாரை மதுரை, தேனிச் சீமையில் அறியாதார் இலர். அவர்களில் பலருக்கு அது இழிவாகத் தோன்றவில்லை. வெயிலில் வேலை செய்ய அதுவே வசதி என்பர். அதனை இகழ நமக்கு உரிமையில்லை. வேண்டாமென்று விடுவது வேறு, வேண்டுமென்று கேட்டவளைத் தடுப்பது வேறு. 1979 இல் வெளிவந்த ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ என்னும் திரைப்படம் இந்த மாறுதலைத்தான் கதையாக்கியது. ரவிக்கை அணியாத பெண்கள் வாழும் ஊருக்கு ரவிக்கையோடு ஒருத்தி மனைவியாக வருகிறாள். கடைசியில் அவள் வழிதவறுகிறாள், கணவன் உயிரைவிடுகிறான். நடிப்பில் சிறந்த படந்தான். ஆயினும், மேற்சட்டையோடு வந்தவள் மானத்தை விட்டாள் என்று முடிவதன்றி அந்தக் கதைக்கு வேறு முடிவே கிடையாதா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இனிப் பொறியின் கதைக்கு வருவோம். சட்டை எல்லார்க்கும் எட்டியது அதனால்தான். பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830 இல் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர் கூட்டம் அவருடைய பட்டறையில் புகுந்து பொறிகளை நொறுக்கியது. அமெரிக்காவில் ஹோவும், 1851 இல் சிங்கரும் அதனை வளர்த்தனர். 1863 இல் பட்டரிக் என்பார் மெல்லிய தாளில் அளவுவாரியாக வெட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கினார். பெரிய கடைக்காரனிடமும் கைதேர்ந்த தையற்காரனிடமும் மறைவாயிருந்த அளவு சில காசுக்கு எந்த ஏழைப் பெண்ணின் கைக்கும் வந்து சேர்ந்தது. அச்சுப்பொறி வேதத்துக்குச் செய்ததை இத்தாள் உடைக்குச் செய்தது என்றால் மிகையாகாது.

இயந்திரத்தை வெறுத்த காந்தியார்கூட இதற்கு விலக்களித்தார். 1924 இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று வினவ, சிங்கர் தையற்பொறி பயனுள்ள சிலவற்றுள் ஒன்று, தன் மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அன்பு மேலீட்டால் சிங்கர் அதனைக் கண்டுபிடித்தார் என்று விடையிறுத்தார். வினவியவர் திருவிதாங்கூரில் பிறந்தவர். பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். பொறியைப் பற்றிய காந்தியார் மதிப்பீடு சரி. சிங்கரைப் பற்றிய கதைதான் சரியில்லை. அந்தச் சிங்கர் பல பெண்களோடு வாழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்று, மனைவியைக் கைவிட்ட மனிதர்; பொறியை ஆக்கியது பணத்துக்காக. மகாத்மா சொன்னாலும் சோதித்துப் பார் என்பதுதானே நம் கொள்கை! அதே 1924 இல் பெரியார் வைக்கத்தில் சிறைபுகுந்து, அதே திருவிதாங்கூர் அரசோடு தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார். நாகம்மையாரும் அப்போராட்டக் களத்தில் நின்றார்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் தொழிலுரிமையும் வேண்டுமென்றது. பெரியார் அதற்கும் மேலே சென்றார்: ஆணுக்கொரு உடை, பெண்ணுக்கொரு உடை எதற்கு? பெண்ணும் சட்டை போடட்டும், முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், அலங்காரத்தில் வீணாகும் நேரம் மிஞ்சட்டும் என்றார். அன்று நகைத்தவர் பலர். இயக்க வழிவந்த அரசுகள் எடுத்த செயல்களுள் ஒன்று நம் பேச்சுக்கு மிக அணுக்கமானது: ஆதரவற்ற மகளிர்க்கும் கைம்பெண்களுக்கும் இலவசமாகத் தையற்பொறி வழங்கும் திட்டம். 1967 இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற, ஒடுக்கப்பட்டோர் வீட்டில் பிறந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரை அத்திட்டம் தாங்கியுள்ளது. எந்தப் பெண்களுக்கு ரவிக்கை கூடாதென்று 1930 இல் தடை போடப்பட்டதோ, அந்த மக்களுள் தோன்றிய தலைவியின் பெயரில் ரவிக்கை தைக்கும் பொறி! பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர்களும் தைக்கின்றனர். வகுப்பறையில் நிற்கும் நமக்கு முன்னே நாற்பது பிள்ளைகள் ஒரே வெட்டில், ஒரே நிறத்தில் அமர்ந்திருக்கின்றனர். யார் எந்தத் தெரு என்று அந்தச் சட்டை சொல்வதில்லை. 1814 இன் ஆணைக்கு நேர் மறுதலை அது. கை நீளம் சில வேளை பிசகும், காஜா பிரிந்துவிடும். அது வேறு வழக்கு.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் அக்காமார் படித்த பாடநூலில் என்ன நேர்ந்தது? மத்தியக் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு என்ற பாடத்துள் தோள்சீலைக் கிளர்ச்சி ஒரு பகுதியாக இருந்தது. நாடார் சமூகத்தைப் பற்றிய சில சொற்கள் இழிவுபடுத்துவனவாக உள்ளன என்று வழக்குத் தொடரப்பட்டது. முறையீட்டில் நியாயம் இருந்திருக்கலாம். 2016 டிசம்பரில் வாரியம் என்ன செய்தது? அப்பகுதியையே நீக்கி, தேர்வில் அதிலிருந்து வினா வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019 இல் பாடமே முழுதும் போயிற்று. மாணவர் சுமையைக் குறைக்கிறோம் என்றனர். கைக்குழி பிசகினால் குழியைத் திருத்துவதா, சட்டையைக் கொளுத்துவதா? பாட்டி எதற்காக அடிபட்டாள் என்பது பேத்தியின் முதுகுக்கு எத்தனை பலம் எடையுள்ள சுமை?

ஆணைகளும் ஓய்ந்துவிடவில்லை. ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 2018 இல் ஊர்ப்பெரியோர் கூடி, பகலில் பெண்கள் நைட்டி அணிந்து வெளியே வந்தால் இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று விதித்தனர். 2019 இல் தமிழக அரசு ஊழியர்க்கென வந்த ஆணை, பெண்கள் சேலையோ சுடிதாரோ அணியலாம் என்று இசைந்தது. சுடிதார் என்றால் துப்பட்டாவுடன்! அன்று குப்பாயம் உண்டு, தோள்சீலை கூடாது. இன்று சட்டை உண்டு, தோளில் துணி கட்டாயம். தோளின் மேலே கிடக்கும் அந்த ஒன்றரை கஜத்தை விட்டு அதிகாரத்தின் கண் இருநூறு ஆண்டுகளாய் அகலக் காணோம்.

விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் கூடலூரிலும் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து ஏறுகின்றனர். சேலைக்கு மேலே ஆடவரின் முழுக்கைச் சட்டை. கணவனுடையதோ மகனுடையதோ, காலர் கிழிந்தது, பொத்தான் மாற்றித் தைத்தது. எந்தப் பத்திரிகையும் அந்த மாதிரியை வெளியிடவில்லை. எந்தத் தலைவரும் அவர்களை அணியச் சொல்லி ஆணையிடவில்லை. முள்ளும் அட்டையும் பனியும் சோதித்துத் தேர்ந்த உடை அது. அந்தச் சட்டை அவர்களுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று வினவினால், கைமூடுகிறது என்பதற்கு அடுத்தபடியாக எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: அதில் பை இருக்கிறது. பெண்ணுக்கென்று தைத்த ரவிக்கையில், சுடிதாரில், கவுனில் பெரும்பாலும் இல்லாத பை. கைப்பேசியும் வாரக் கூலியும் இப்போது அதில்தான் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் தையற்பொறிகளில் புதிய மேற்சட்டை மாதிரி வெட்டும் தங்கைமாருக்கு, அடுத்த காடாத் துணியை அறுக்கும்போது வலப்பக்கம் ஆறு அங்குல அகலத்தில் அதற்கும் ஒரு துண்டு விட்டுப் பார்க்கச் சொல்கின்றனர் அவர்கள்.